எட்டு வயதில் உடம்பு முந்திக்கொண்டால் குணமும் கெட்டுப்போகுமா?

கேள்வி, 2024 ஜூன் 9 மாலை
வாஷியிலிருந்து ஒரு வாசகி:
"என் அண்ணன் மகளுக்கு எட்டு வயது ஏழு மாதம். போன மாதம் பெரியவளாகிவிட்டாள். அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே ஆள் மாறிப்போனாள். எதிர்த்துப் பேசுகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள், பள்ளியில் சண்டை, பொய் வேறு. சின்ன வயதில் உட்காரும் பெண்கள் பிற்பாடு வழிதவறிப் போவார்கள் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அண்ணி பயந்துபோய் அவளை வெளியே விடுவதே இல்லை. பிராய்லர் கோழிதான் காரணம் என்கிறார் என் அம்மா. கண்டித்து வளர்த்தால் சரியாகிவிடுமா?"

ஜூன் 9, இரவு 11.20

முதலில் டாக்டர். கோழி, காணொளி, கண்டிப்பு எல்லாம் அப்புறம். குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவர் என்று தனியாக இருக்கிறார்கள், எண்டோகிரைனாலஜிஸ்ட் என்பார்கள். இந்த வாரமே அவரிடம் போங்கள். "இப்பல்லாம் இப்படித்தான் சீக்கிரம் வருது" என்று யாராவது சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். நான் அப்படித் திரும்பி வந்து மூன்று மாதத்தைத் தொலைத்தவள்.

என் மகளுக்கு ஏழு வயது நான்கு மாதத்தில் ஆரம்பித்தது. 2022 மார்ச். அப்போதும் இப்போதும் மும்பை செம்பூரில்தான் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது இடது பக்கம் வலிக்கிறது என்று சுருங்கினாள். "இடிச்சுக்கிட்டேன்மா" என்றாள். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி, ஒரே பக்கம். அடிபட்ட வீக்கம் என்று நினைத்துப் பத்து நாள் களிம்பு தடவினேன். என் மாமியார் ஒரு தடவை பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். "இது அடி இல்ல தாயி, பிள்ளைக்கு உடம்பு திரும்புது" என்றார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த பிள்ளை அவள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து அப்படியே இருந்தது.

எட்டு வயதுக்கு முன் மாதவிடாய் வந்தால்தான் மருத்துவம் அதை முன்கூட்டிய பருவம் என்று சொல்லும். உங்கள் பெண் கொஞ்சம் தாண்டிவிட்டாள் என்றாலும் காட்டத்தான் வேண்டும்.

குணம் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். அதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஜூன் 10, காலை 6.15

நேற்று தூக்கக் கலக்கத்தில் ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டேன், திருத்திவிடுகிறேன். எட்டு வயது என்ற கணக்கு மாதவிடாய்க்கு இல்லை. மார்பு அரும்புவதற்கு. பெண் குழந்தைகளுக்கு முதல் அடையாளம் அதுதான், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் முதலில் வரும். அது எட்டு வயதுக்கு முன் வந்தால் முன்கூட்டியது. அரும்பியதிலிருந்து முதல் மாதவிடாய்க்குச் சாதாரணமாக இரண்டு, இரண்டரை வருஷம் ஆகும்.

இந்தக் கணக்கை உங்கள் அண்ணன் மகளுக்குப் போட்டுப் பாருங்கள். எட்டரையில் வந்திருக்கிறது என்றால் ஆறரை வயதிலேயே உடம்பு கிளம்பியிருக்கலாம். யாரும் கவனிக்கவில்லை, அல்லது சதை என்று நினைத்திருப்பார்கள். "ஒரு வருஷமாக ஆள் மாறிவிட்டாள்" என்கிறீர்களே, அந்த ஒரு வருஷத்துக்கும் முன்னாலிருந்தே அவள் உடம்பில் வேலை நடந்துகொண்டிருந்திருக்கும்.

ஜூன் 10, இரவு 10.40

டாக்டரிடம் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பரேலில் ஒரு குழந்தைகள் மருத்துவரிடம் போனோம். முதலில் இடது கைக்கு எக்ஸ்ரே. மணிக்கட்டும் விரல்களும். எலும்புக்கு எத்தனை வயது என்று அதில் பார்க்கிறார்கள். ஒவ்வொரு வயதுக்கும் கை எலும்பு எப்படி இருக்கும் என்று படம் போட்ட கிரூலிக், பைல் என்ற இருவரின் தொகுப்பை விரித்து, என் மகளின் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். விரல் எலும்பின் நுனியில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். வளர்ச்சி அந்த இடத்தில்தான் நடக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏற ஏற அந்தக் கோடு மூடிக்கொண்டே வரும். மூடிவிட்டால் உயரம் அதோடு நின்றுவிடும். ஏழரை வயதுப் பெண்ணுக்கு எலும்பு வயது ஒன்பதே முக்கால் என்றார். இன்றைக்கு வகுப்பிலேயே உயரமான பெண், பதினாலு வயதில் வகுப்பிலேயே குட்டையான பெண்ணாக நிற்பாள் என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போடுவோம். அந்த ஒரு வருஷத்தில் 9 சென்டிமீட்டர் ஏறியிருந்தாள். நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ரத்தம். எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடியால் என்ற பருவ ஹார்மோன்கள், அப்புறம் தைராய்டு. தைராய்டு ரொம்பக் குறைந்தாலும் இப்படி வரலாமாம், அதற்கு மாத்திரையே போதும். ஒரு நாள் கையில் ஊசிக்குழாய் மாட்டி, மருந்து செலுத்தி, அரை மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். மூளையிலிருந்து கட்டளை உண்மையாகவே கிளம்பிவிட்டதா என்று அதில் தெரிந்துவிடும். வயிற்றில் ஸ்கேன். மூளைக்கு எம்.ஆர்.ஐ. எல்லாருக்கும் எடுக்கமாட்டார்கள், ஆறு வயதுக்கு முன் ஆரம்பித்தால் கட்டாயம். எங்களுக்கும் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. பெண் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காரணம் என்று ஒன்றும் அகப்படாது. ஆண் குழந்தைகளுக்கு ஒன்பது வயதுக்கு முன் ஆரம்பித்தால் உள்ளே வேறு ஏதாவது இருக்க வாய்ப்பு அதிகம் என்று அவரே சொன்னார்.

வீட்டில் யாராவது ஹார்மோன் மாத்திரையோ கிரீமோ பயன்படுத்துகிறார்களா என்று கேட்டார். அது குழந்தை மேல் படுவதாலும் ஆகுமாம். யாராவது தொட்டார்களா, பயமுறுத்தினார்களா என்று மகளிடம் தனியாக, மெதுவாகக் கேட்டார். என்னை வெளியே உட்காரச் சொன்னார். அது எனக்கு முதலில் உறைத்தது. இப்போது அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஜூன் 11, காலை

முந்தி வந்த பருவத்தை ஊசி எப்படி நிறுத்திவைக்கிறது என்று ஒரு அப்பா கேட்டிருக்கிறார். டாக்டர் எங்களுக்குச் சொன்னது: மூளையிலிருந்து அந்தக் கட்டளை விட்டுவிட்டுத்தான் வரும், கோயில் மணி மாதிரி. விட்டுவிட்டு அடித்தால் திரும்பிப் பார்ப்போம். ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் காதே கேட்காது. லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின் ஊசிகள் ஓயாமல் அடிக்கிற மணி. அந்தக் கட்டளையைக் கேட்கும் பிட்யூட்டரி சுரப்பி கொஞ்ச நாளில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மாதம் ஒன்று போடுவது உண்டு, மூன்று மாதத்துக்கு ஒன்றும் உண்டு. எங்களுக்கு மூன்று மாத ஊசி. ஏறக்குறைய பதினொரு வயது வரை போட்டு நிறுத்துவார்கள், அப்புறம் பருவம் விட்ட இடத்திலிருந்து தானாகத் தொடரும். செலவு கையைக் கடிக்கும், மறைக்கவில்லை.

முதல் ஊசிக்குப் பிறகு சில குழந்தைகளுக்குக் கொஞ்சம் ரத்தம் பட்டு நின்றுவிடும். டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் தப்பித்தோம், இல்லாவிட்டால் நான் அலறியிருப்பேன்.

இன்னொன்று. அந்த மணியை முதலில் தட்டி எழுப்புவது கிஸ்பெப்டின் என்ற பொருள். அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற ஊரில் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தவர்கள், அந்த ஊர் சாக்லேட்டின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். "அப்ப நான் சாக்லேட் சாப்பிட்டதாலயா?" என்று மகள் கேட்டாள். டாக்டரும் நானும் சிரித்துவிட்டோம். அவளும் சிரித்தாள். பல மாதத்துக்கு அப்புறம் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஜூன் 12, இரவு 9.30

சரி, குணம்.

கொரோனாவால் என் மகளின் முதல் வகுப்பு பாதிக்கு மேல் மொபைல் திரையிலேயே போனது. 2022 ஜூனில் இரண்டாம் வகுப்புக்குத்தான் ஒழுங்காகப் பள்ளிக்குப் போனாள். போன முதல் நாளே கடைசி பெஞ்ச், உயரம் என்பதால். "நீ பெரிய பெண், இவர்களைப் பார்த்துக்கொள்" என்று டீச்சர் மற்ற பிள்ளைகளை அடக்கும் வேலையைக் கொடுத்தார். லோக்கல் ரயிலில் அரை டிக்கெட் எடுத்ததற்கு டிக்கெட் பரிசோதகர் ஆதார் கேட்டார். கீழ்வீட்டுப் பாட்டி, "இவ்ளோ பெரிய பொண்ணு பொம்மையை வெச்சுக்கிட்டு" என்றார். அவள் அப்பா அவளைத் தூக்குவதை நிறுத்தினார். அவருக்குக் கூச்சம். ஆனால் அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்தவரிடம் ஓடிப்போனாள். அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கினார். அவள் சோபாவில் போய் உட்கார்ந்து தலையணையில் இருந்த நூலை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். தலையணை முழுக்கப் பிரிந்துபோகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

ஜூலையில் கூடப் படிக்கும் பெண்ணைக் காரணமே இல்லாமல் அறைந்துவிட்டாள். டைரியில் "ஆக்ரோஷமான நடத்தை" என்று எழுதி அனுப்பினார்கள். மழை கொட்டுகிறது, பள்ளி வாசலிலேயே வைத்து அவளைத் திட்டினேன். "ஏழு கழுதை வயசாச்சு" என்றேன். அவளுக்கு ஏழரை வயதுதான் ஆகியிருந்தது.

நான் சொல்லவருவது இதுதான். ஹார்மோன் ஏறினால் அழுகை, கோபம், சிடுசிடுப்பு வரும், உண்மை. உணர்ச்சி முந்திக்கொண்டு ஓடும், அதைப் பிடித்து நிறுத்தும் மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டித்தான் முழுசாக முதிரும். ஆனால் என் வீட்டில் நான் பார்த்த கோபத்தில் பாதிக்கு மேல், ஏழு வயதுக் குழந்தையைப் பதினோரு வயதுக்காரியாக நடத்தியதற்கு வந்த கோபம். உடம்பைப் பார்த்து நாங்கள் ஒரு வயதைப் போட்டோம். அந்த வயதுக்குரிய புத்தியை அவளிடம் எதிர்பார்த்தோம். அவளிடம் அது எங்கே இருந்தது?

ஜூன் 12, இரவு 11

கோழி. விட்டுப்போனது.

பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் வளர்வதற்குக் காரணம் ரகத் தேர்வும் தீவனமும். ஆயிரக்கணக்கான கோழிக்குத் தினமும் ஹார்மோன் ஊசி போட்டால் எந்தப் பண்ணைக்கும் கட்டுபடியாகாது. பாலுக்குப் போடுகிறார்கள் என்று சொல்கிற ஆக்சிடோசின் புரதத் துண்டு, வயிற்றில் செரித்துப்போகும், பருவத்தைக் கொண்டுவரும் ஹார்மோனும் இல்லை. மாட்டுக்கு அதைப் போடுவது கொடுமை, அது தனி வழக்கு. உடல் எடை கூடுவதற்கும் பருவம் முந்துவதற்கும் தொடர்பு இருக்கிறது. கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின், உடம்பு தயார் என்று மூளைக்குச் சேதி சொல்கிறது. ஆகவே கோழியை நிறுத்துவதைவிட, கோழிக்குப் பக்கத்தில் வரும் குளிர்பானத்தை நிறுத்துங்கள். உங்கள் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். பேத்திமேல் உள்ள பயத்தில்தான் அவர் கோழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ஒல்லியான பிள்ளைகளுக்கும் வருகிறது. என் மகள் ஒல்லி.

ஜூன் 15, மதியம்

"வழிதவறிப் போவார்கள்" என்ற காணொளிப் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன்.

நியூசிலாந்தில் டனீடின் என்ற ஊரில் 1972-73இல் பிறந்த ஆயிரம் பேரைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அதை வைத்து காஸ்பி, மாஃபிட் என்ற இருவர் 1991இலும், மற்றவர்களோடு சேர்ந்து 1993இலும் எழுதினார்கள். சீக்கிரம் பெரியவளான பெண்களிடம் விதிமீறல் கூடுதலாக இருந்தது, அது உண்மை. ஆனால் இரண்டு விஷயத்தைக் காணொளிக்காரர்கள் சொல்லமாட்டார்கள். ஒன்று, முன்பிருந்தே தொல்லையில் இருந்த பிள்ளைகளிடம்தான் அது பெரிதாகியது. இரண்டாவது, அந்த வித்தியாசம் ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளில் தெரிந்தது, பெண்கள் பள்ளியில் தெரியவில்லை. ஒரே மாதிரி உடம்பு, ஒரே வயதில் மாதவிடாய், பள்ளிதான் வேறு. உடம்பே குற்றவாளி என்றால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி அல்லவா இருந்திருக்க வேண்டும்?

சுவீடனில் ஸ்டாட்டின், மாக்னுசன் இருவரும் 1990இல் எழுதியதும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது. சீக்கிரம் வளர்ந்த பெண்களுக்கு வயதில் மூத்த நண்பர்கள் அதிகம். குடி, பள்ளிக்கு மட்டம் போடுவது எல்லாம் அந்தச் சேர்க்கையோடு வந்தது. வளர்ந்து பெரியவர்களான பிறகு பெரும்பாலான வித்தியாசம் மறைந்துவிட்டது, படிப்பு மட்டும் குறைந்தே நின்றது. பதினாலு வயதில் கண்டது வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு வரவில்லை.

எங்கள் கட்டடத்தில் பத்தாம் வகுப்புப் பையன்கள் என் மகளை கிரிக்கெட்டுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பையன்கள் நல்ல பையன்கள். ஆனால் அவர்கள் பேசிக்கொள்வது அவள் காதுக்குரிய பேச்சு இல்லை. அவளை உள்ளே பூட்டாமல் மூன்றாம் மாடியிலிருந்த அவள் வயதுப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிட்டு கேரம் போர்டை விரித்தேன். கைமுறுக்கும் செய்துவைத்தேன்.

ஜூன் 16

"அப்படியானால் பெண்கள் பள்ளிக்கு மாற்றிவிடலாமா" என்று உடனே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நேற்று எழுதியதை அப்படிப் படித்துவிடாதீர்கள். அந்த ஆய்வு மேல்நிலைப் பள்ளிகள் பற்றியது, வேறு நாடு, வேறு காலம். ஏற்கெனவே உடம்பு மாறி, வீடு மாறின மாதிரி தவிக்கும் பிள்ளைக்கு, இருக்கும் இரண்டு தோழிகளையும் பிடுங்கிவிடாதீர்கள். நானே 2022 ஆகஸ்டில் பள்ளி மாற்ற விண்ணப்பம் வாங்கிவைத்து, கடைசியில் நிறுத்தியவள்.

ஜூன் 18, இரவு

வீட்டில் சண்டை இருந்தால் குழந்தை சீக்கிரம் வயதுக்கு வருமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதைப் படித்ததும் கை நடுங்கியது. பெல்ஸ்கியும் இன்னும் இருவரும் 1991இல் அப்படி ஒரு கருத்தை வைத்தார்கள். சிறுவயது நெருக்கடி பருவத்தை முன்னுக்குத் தள்ளும் என்று. 2020இல் என் கணவருக்கு வேலை போயிற்று. பத்து மாதம். அந்தச் சின்ன வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அவள் காதில் விழுந்துதான் இருக்கும். இதுதான் காரணமோ என்று எத்தனை இரவு விழித்திருந்தேன்.

டாக்டரிடம் கேட்டேவிட்டேன். அவர் என்னிடம் "உங்களுக்கு எப்போது" என்று கேட்டார். பத்து வயது பத்து மாதம் என்றேன். என் அம்மாவுக்கும் பதினொன்றுதான். "பருவம் தொடங்கும் வயதில் பெரும்பங்கு பரம்பரை, உங்களை நீங்களே கூண்டில் ஏற்றாதீர்கள்" என்றார். பொது முடக்கத்தின்போது இத்தாலியிலும் இப்படி வரும் குழந்தைகள் கூடினார்கள் என்று அங்குள்ள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஓட்டம் இல்லை, வெயில் இல்லை, எடை கூடியது, திரை, பயம். எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதையும் சொல்லவேண்டும்: இந்தியாவிலிருந்து சுவீடனுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட சிறுமிகளுக்கு, நடுக்கணக்கில் 11.6 வயதிலேயே மாதவிடாய் வந்தது என்று 1991இல் ஒரு ஆய்வு வந்தது. நல்ல சாப்பாடும் பாசமும் கிடைத்து மளமளவென்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஆகவே, சீக்கிரம் வந்தால் வீட்டில் ஏதோ கோளாறு என்று எந்தத் தாயையும் பார்த்துச் சொல்லாதீர்கள்.

ஜூன் 22, இரவு 12.10

12ஆம் தேதி எழுதியதில் ஒரு வரியைத் திருத்தவேண்டும். "காரணமே இல்லாமல் அறைந்துவிட்டாள்" என்ற வரி.

இங்கே எழுதிக்கொண்டிருப்பதை மகள் பார்த்துவிட்டாள். "என்னைப் பத்தியாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன், பேர் போடவில்லை, வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன் என்றேன். முழுக்கப் படித்தாள். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், அரை மணி நேரம் ஆயிற்று. அந்த வரியில் விரலை வைத்து, "இது தப்பு" என்றாள்.

அந்தப் பெண் பின் பெஞ்சில் என் மகளுடைய ஸ்லிப்பின் பட்டையை இழுத்து மற்றவர்களுக்குக் காட்டினாளாம். இதற்கு முன்பு மூன்று நாள் காட்டினாளாம். நாலாம் நாள் இவள் அறைந்தாள். "டீச்சர், அடிச்சியான்னுதான் கேட்டாங்க. நீயும் அடிச்சியான்னுதான் கேட்ட. அடிச்சேன்னு சொன்னேன்" என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குத் தெரிகிறது. அவள் அன்றைக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள், கேட்ட கேள்விக்கு. மன்னிப்புக் கேட்டேன். "சரி, பரவால்ல" என்று தூங்கப் போய்விட்டாள். நான்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

வாஷி வாசகி, உங்கள் அண்ணன் மகள் பள்ளியில் சண்டை போடுகிறாள் என்றீர்களே. யாரோடு, அதற்கு முன் என்ன நடந்தது என்று யாராவது கேட்டீர்களா? பொய் சொல்கிறாள் என்றீர்களே, எதைப் பற்றி? கறைபட்ட துணியை மறைத்ததா?

ஜூன் 23

அழிக்கவேண்டாம், ஆனால் அந்த வரியை மாற்று என்றாள். பழையதை மாற்றாமல் கீழே திருத்தம் போட்டிருக்கிறேன் என்றேன். ஒத்துக்கொண்டாள்.

ஜூன் 24, மாலை

வாஷியிலிருந்து சடங்கு பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஊரில் மண்டபம் பார்த்தாயிற்று, தாய்மாமன் சீர் கொண்டுவருகிறார், ஃபிளெக்ஸ் வரை பேசியாயிற்று என்று. எட்டரை வயதுப் பிள்ளைக்கு.

உளுந்தங்களி கிண்டுங்கள், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றி. எங்கள் ஆச்சி எனக்குக் கொடுத்தது இன்னும் நாக்கில் இருக்கிறது. மஞ்சள் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, புதுப் பாவாடை கட்டிவிடுங்கள், வீட்டுக்குள்ளே. சடங்கில் பாசமும் உண்டு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் சுவரொட்டி அடித்து, "இவள் தயார்" என்று ஊருக்குச் சொல்வது எதற்கு? அவள் மூன்றாம் வகுப்பு. நம் முன்னோர்கூடப் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பிரித்து, எட்டிலிருந்து பதினொன்று வரைக்கும் பெதும்பை என்றுதான் வைத்தார்கள். மங்கை என்று சொல்லவே பன்னிரண்டு ஆகவேண்டும். அவள் பெதும்பை. அந்த வயதுக்குரியதை அவளுக்கு விட்டுவையுங்கள்.

தாய்மாமன் சீர் செய்தே தீருவேன் என்றால், அந்தப் பணத்தை மூன்று மாத ஊசிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய சீர் கிடையாது.

ஜூலை 5, இரவு

இன்று ஊசி நாள். ஹிந்த்மாதாவில் முழங்கால் தண்ணீர், டாக்ஸிக்காரர் திரும்பிப்போய்விட்டார், பாதி தூரம் நடந்து போனோம். ஊசி போடும்போது அவள் என் சுண்டு விரலைப் பிடித்துக்கொள்வாள், மற்ற விரலைத் தொடமாட்டாள், அது ஏன் என்று தெரியாது.

ஒரு விஷயம் முன்பே எழுதியிருக்கவேண்டும். இந்த ஊசியாலும் சில பிள்ளைகளுக்கு எரிச்சல், அழுகை, கோபம் வரலாம் என்று மருந்துத் தாளிலேயே போட்டிருக்கிறது. முதல் இரண்டு ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் என் மகள் சிடுசிடுத்தாள். தேதி போட்டு எழுதிவைத்து டாக்டரிடம் காட்டினேன். அப்புறம் குறைந்துவிட்டது. எழுதிவையுங்கள். மருந்தால் வந்ததா, மாதவிடாயால் வந்ததா, தூக்கமில்லாமல் வந்ததா என்று நினைவிலிருந்து சொல்ல முடியாது. பருவம் தொடங்கினால் தூக்கம் தள்ளிப்போகும். பத்தரை வரைக்கும் விழித்துக்கிடந்து காலை ஆறரைக்குப் பள்ளி வேன் பிடிக்கிற பிள்ளை சாயங்காலம் எரிந்து விழாமல் என்ன செய்யும்? எங்கள் வீட்டில் பாதிச் சண்டை, அவள் ஸ்கூல்விட்டு வந்ததும் ஒரு தட்டு இட்லியும் முக்கால் மணி நேரத் தூக்கமும் கொடுத்ததில் நின்றது.

ஜூலை 20, காலை

வாஷியிலிருந்து பதில் வந்திருக்கிறது. டாக்டரைப் பார்த்துவிட்டார்கள். எலும்பு வயது பதினொன்றரை. ஊசி வேண்டுமா வேண்டாமா என்று அடுத்த வாரம் சொல்வார்களாம். கொஞ்சம் தாமதம்தான், ஆனால் முடிந்துபோனது என்று இல்லை, அவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுங்கள்.

அதைவிட, அந்தப் பிள்ளை சொன்னது. பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் கிடையாதாம். பேட் மாற்ற முடியாமல் சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாளாம், விளையாட்டு வகுப்புக்கு வரமாட்டேன் என்றதற்குத்தான் சண்டையாம். டீச்சரிடம் பொய் சொன்னது வயிற்றுவலி என்று.

திங்கட்கிழமைக்கு இவ்வளவு செய்யுங்கள். ஜிப் வைத்த சின்னப் பை, பென்சில் பை மாதிரியே இருக்கட்டும். அதில் இரண்டு பேட், ஒரு ஜட்டி, பழைய செய்தித்தாள், மடித்த ஒரு பிளாஸ்டிக் உறை. பேட்டை எப்படி ஒட்டவேண்டும் என்று வீட்டிலேயே நான்கு தடவை செய்துபார்க்கட்டும், எட்டு வயதுக் கைக்கு அது எளிதில்லை. சிறிய அளவுதான் வாங்கவேண்டும். அண்ணியைப் பள்ளிக்கு நேரில் போகச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் வைக்கிற வரைக்கும் டீச்சர்கள் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதி கேட்கட்டும். யாராவது அவளைத் தொட்டாலோ கேலி என்ற பேரில் எல்லை மீறினாலோ குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, பாலியல் குற்றங்களுக்கு எதிரான போக்சோ சட்டம் பதினெட்டு வயது வரைக்கும் காக்கிறது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டு வரட்டும்.

அண்ணனிடமும் ஒரு வார்த்தை. என் கணவர் அந்தப் பையை மார்போடு அணைத்த நாளிலிருந்து எட்டு மாதம் ஆயிற்று, மறுபடி மகள் பக்கத்தில் உட்கார. ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. ஒரு ராத்திரி அவள் தலையில் எண்ணெய் தேய்த்து, சடை பின்னத் தெரியாமல் பின்னினார். கோணல்மாணலான அந்தச் சடையோடு மறுநாள் பள்ளிக்குப் போனாள், அவிழ்க்கவே விடவில்லை.